இறாலுக்கு வெறும் வயிற்றில் கஷாயம்

உங்களுக்குத் தலைவலி என்றால் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் சொல்லிவிடாதீர்கள். மெட்ரோவில் பக்கத்தில் நிற்பவரிடமோ, லிஃப்டில் நாலாவது மாடிக்காரரிடமோ, கல்யாணப் பந்தியில் அடுத்த இலைக்காரரிடமோ "லேசா தலை வலிக்குது" என்று நீங்கள் பேச்சுவாக்கில் சொன்ன மறு நொடி, நீங்கள் யாரிடம் சொன்னீர்களோ அவரல்ல, அவருக்கும் அப்பால் இருக்கும் யாரோ ஒருவர் கழுத்தை நீட்டி, முகம் மலர்ந்து, "அதுக்கு ஒண்ணு இருக்கு" என்பார்.

இவர்தான் நம் ஆள். 'அதுக்கு ஒண்ணு இருக்கு' ஆசாமி.

எல்லா ஊரிலும் இருக்கிறார் என்றாலும் பெங்களூரில் அவர் நன்றாகத் தழைக்கிறார். குளிர் ஒத்துக்கொள்கிறது போலிருக்கிறது. வைட்ஃபீல்டில் கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார். பிரேசர் டவுனில் பூசை முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் உங்கள் முழங்காலைக் கவனித்தபடி நிற்கிறார். மல்லேஸ்வரத்தில் காலையில் பூங்காவைச் சுற்றிச்சுற்றி வருகிறார். வயது, மதம், படிப்பு, எதுவும் இவருக்குத் தடையில்லை. வேண்டியதெல்லாம் ஒரு இலையின் பெயர்; அதைச் சொல்ல ஒரு நோயாளி.

இவரை வைத்தியர் என்று நினைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வைத்தியர் நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், நிறுத்து அளந்து கொடுப்பார், சில சமயம் "இது எனக்குப் பிடிபடவில்லை, வேறு இடம் பாருங்கள்" என்றும் சொல்லிவிடுவார். நம் ஆள் அந்தக் கடைசி வாக்கியத்தை வாழ்நாளில் ஒரு முறைகூட உச்சரித்தவர் அல்ல. அவரிடம் தராசு கிடையாது. 'ஒரு கைப்பிடி', 'ஒரு கொத்து', 'விரல்நுனி அளவு' ஆகியவையே அவர் எடைக்கற்கள். யாருடைய கை, யாருடைய விரல் என்று கேட்டால் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

இலைமேல் எனக்குக் கோபம் இல்லை. கீழாநெல்லியும் வேம்பும் பூண்டும் தம்பாட்டுக்கு வளர்கின்றன. அவற்றுக்கு என்று குணம் இருக்கிறது, அளவு இருக்கிறது, எல்லை இருக்கிறது. இவருக்குத்தான் எல்லை இல்லை.

என் கண்ணில் பட்டவர்களில் முழு வளர்ச்சி அடைந்தவர் ஆதிகேசவன். அரசு அலுவலகம் ஒன்றின் ஆவண அறையில் முப்பத்தொரு வருடம் கோப்புகளுக்கு நூல் கட்டிவிட்டு ஓய்வு பெற்று, மல்லேஸ்வரத்தில் குடியிருக்கிறார். தமிழிலும் கன்னடத்திலும் ஒரே வேகத்தில் மருந்து சொல்லக்கூடியவர். ஒரு நாள் எட்டாவது கிராஸில் கீரை விற்கும் அம்மாள் எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டார். "அதக்கே ஒந்து இதே" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, அந்த அம்மாளின் கூடையிலிருந்தே முடக்கத்தான் ஒரு கட்டு எடுத்து, அதை அந்த அம்மாளிடமே நீட்டி, எப்படித் துவையல் அரைப்பது என்று பத்து நிமிடம் பாடம் நடத்தினார். வாங்க நின்றவர்கள் போய்விட்டார்கள். கீரையைத் திரும்பக் கூடையிலேயே வைத்துவிட்டு இவரும் போய்விட்டார்.

மேல்வீட்டு வித்யாலட்சுமிக்கு முடி கொட்டியபோது இவர் சொன்ன எண்ணெயைத் தடவினார். மூன்று மாதத்தில் முடி கொட்டுவது நின்றது. "பாத்தீங்களா" என்றார் ஆதிகேசவன். அதே எண்ணெயை வித்யாலட்சுமியின் தம்பி தடவினான். மிச்சம் இருந்ததும் கொட்டியது. "தலைக்குத் தடவிட்டு மோர் சாப்பிட்டிருப்பான்" என்றார். இந்த இனத்தின் ரகசியம் இதில் அடங்கிவிட்டது. குணமானால் இலை, குணமாகாவிட்டால் நீங்கள்.

இப்படி மனிதர்களோடு நின்றிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர் கடலுக்குப் போனார்.

கடல் என்றால் நேரில் அல்ல. பூங்கா பெஞ்சில் இருந்தபடியே.

அந்த பெஞ்சில் எங்களோடு உட்காருபவர் மைக்கேல்ராஜ். பிரேசர் டவுன்காரர், மகள் அன்னாவை மல்லேஸ்வரத்தில் கல்லூரியில் இறக்கிவிட்டு, வந்ததற்கு நாலு சுற்று நடந்துவிட்டுப் போவார். அவருடைய தங்கை ஜோசஃபின் சீர்காழிப் பக்கம் கடலோரமாக இரண்டு இறால் குட்டைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். குத்தகை அண்ணன் பெயரில், வேலையெல்லாம் தங்கை. போன போகம் வெள்ளைப்புள்ளி நோய் வந்து மொத்தமாகப் போனது. இந்தப் போகமும் போனால் குட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் ஜோசஃபின் ஆறு வருடமாகக் கற்ற தொழிலைக் கரையில் போட்டுவிட்டு, அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர வேண்டும். அந்த அறையில் தையல் மிஷின் ஒன்றை அண்ணி இப்போதே துடைத்து வைத்துவிட்டதாக மைக்கேல்ராஜ் சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை அவர் முகம் சரியாக இல்லை.

"பக்கத்துப் பண்ணையில நோய் வந்துடுச்சாம். நம்ம குட்டைக்கும் அதுக்கும் நடுவுல ஒரு வாய்க்கால்தான்" என்றார்.

ஆதிகேசவன் வாக்கிங் ஸ்டிக்கை மடியில் படுக்கவைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அதுக்கு ஒண்ணு இருக்கு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆதிகேசவன் பிறந்ததிலிருந்து சைவம். இறாலைத் தின்றதில்லை, தொட்டதில்லை, கடையில் அது இருக்கும் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடப்பவர். அதற்கு எத்தனை கால் என்று கேட்டால் தெரியாது. ஆனால் அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது தெரியும்.

"இறாலுன்னா என்ன, அதுவும் ஒரு ஜீவன்தானே. ஜீவன்னா வயிறு. வயிறு சரியா இருந்தா வியாதி கிட்ட வராது. கீழாநெல்லி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள். நாலையும் போட்டு நல்லா கொதிக்கவெச்சு, நாலுக்கு ஒண்ணா சுண்டவெச்சு, அந்தக் கஷாயத்துல தீவனத்தை ஊறவெச்சுப் போடச் சொல்லுங்க."

"எவ்ளோ சார் போடணும்?"

"ஒரு கைப்பிடி."

"சார், ஒரு குட்டையில ரெண்டு லட்சம் இறால் இருக்கு."

ஆதிகேசவன் ஒரு கணம் கணக்குப் போட்டார். "அப்ப நாலு கைப்பிடி" என்றார்.

மைக்கேல்ராஜ் செல்போனில் குறித்துக்கொண்டார். பயந்தவன் எதையும் குறித்துக்கொள்வான். இந்த இனம் பிழைப்பதே அதனால்தான்.

"முக்கியமான விஷயம்" என்று விரலை உயர்த்தினார் ஆதிகேசவன். "வெறும் வயித்துல குடுக்கணும். சாயங்காலத் தீனி கட். ராத்திரி பூரா வயிறு காலி. காலைல முதல்ல கஷாயம்தான் உள்ள போகணும். அப்பதான் பிடிக்கும். ஒரு மண்டலம் விடாம குடுங்க."

"மண்டலம்னா நாப்பத்தெட்டு நாள். நாங்க நாப்பதாவது நாள் பிடிச்சிடுவோமே சார்."

"பரவால்ல. மீதி எட்டு நாள் பலன் அதைச் சாப்பிடறவங்களுக்குப் போய்ச் சேரும்."

அங்கேயே ஜோசஃபினுக்கு போன் போட்டார்கள், ஸ்பீக்கரில். பின்னால் குட்டையில் ஏரேட்டர் சுற்றித் தண்ணீரை அடிக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் சொன்னதைத் தங்கை கடைசி வரை கேட்டார்.

"அண்ணா, கீழாநெல்லியும் பூண்டும் நான் ரெண்டு வருஷமா போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நெழல்ல காயவெச்ச பொடி, தீவனம் கிலோவுக்குப் பத்து கிராம். பூண்டை வேகவெச்சா அதுல ஒண்ணும் மிஞ்சாது, பச்சையா அரைச்சு முட்டை வெள்ளைக்கருவுல கொழைச்சு, தீவனத்து மேல பூசி, ஒரு மணி நேரம் காயவெச்சுப் போடுறேன். ஊறவெச்சா தண்ணியில கரைஞ்சு போயிடும்."

"நல்ல காரியம்மா" என்றார் ஆதிகேசவன் போனை நோக்கிக் குனிந்து. "ஆனா முறை தப்பு. பொடி உஷ்ணம். கஷாயம்தான் முறை."

"சார், இறாலுக்கு வெறும் வயிறுன்னு ஒண்ணு கெடையாது. பசிச்சா பக்கத்துல இருக்கறதைக் கடிக்கும். சட்டை உரிச்சுட்டு மெத்துனு கெடக்கும் பாருங்க, அதைத்தான் மொதல்ல தின்னும்."

"நம்ம முன்னோருங்க உபவாசம் இருந்தாங்களேம்மா, ஒருத்தரை ஒருத்தர் கடிச்சா தின்னாங்க?"

"அவங்க இறால் இல்லையே சார்" என்றார் ஜோசஃபின்.

மைக்கேல்ராஜ் கெஞ்சினார். போன போகம் போனதை நினைவுபடுத்தினார். கடைசியில் ஜோசஃபின் ஒரு நிபந்தனை போட்டார்: தெற்குக் குட்டைக்கு சார் சொன்னபடி, வடக்குக் குட்டைக்குத் தான் செய்கிறபடி. ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்கலாம்.

இங்கேதான் ஆதிகேசவன் கொதித்தார். "ஒண்ணுக்குக் குடுத்து ஒண்ணுக்குக் குடுக்காம விட்டா பாவம் இல்லையா? ரெண்டுக்கும் குடுங்க."

கவனியுங்கள். இந்த இனம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காது. எல்லோருக்கும் கொடுத்துவிட்டால், கொடுக்காதவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க ஆள் இருக்காது. இதைக் கருணை என்று அது அழைக்கிறது.

ஜோசஃபின் அசையவில்லை. தெற்கு மட்டும்.

மறுநாளிலிருந்து படங்கள் வந்தன. இறால் தீவனத்தில் கொஞ்சத்தை ஒரு வலைத்தட்டில் போட்டுக் குட்டைக்குள் இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். தட்டில் மிச்சம் இருந்தால் இறால் சரியாகத் தின்னவில்லை என்று தெரியும். தெற்குக் குட்டைத் தட்டு காலியாக வந்தது. இரண்டாம் நாளும் காலி. மூன்றாம் நாளும்.

"கழுவி வெச்ச மாதிரி இருக்கு பாருங்க" என்று ஆதிகேசவன் அந்தப் படத்தை நடப்பவர்கள் எல்லோருக்கும் காட்டினார். சர்க்கரைக்காக நடப்பவர்கள், டாக்டர் சொன்னதற்காக நடப்பவர்கள், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் நடப்பவர்கள், ஒருவரும் தப்பவில்லை. நாய் கூட்டிவந்த ஷ்ரேயாஸ் என்ற இளைஞன், அது என்ன தட்டு என்றே தெரியாமல், "சூப்பர் அங்கிள்" என்றான். அன்று மாலையே அவர் படத்தை உறவினர் குழுவில் போட்டு, கீழே 'இரண்டு லட்சம் ஜீவன்கள்' என்று எழுதினார்.

ஒரு காலத்தில் கோழி வளர்த்துத் தீவனம் கலக்கிப் பழகியவன் நான்; ஊறின தீவனம் தண்ணீரில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். "அது கோழி" என்றார்.

ஆறாம் நாள் காலை ஜோசஃபின் வீடியோவில் வந்தார். இடுப்புவரை நனைந்திருந்தார். கையில் ஒரு இறாலைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடி போல இருந்தது.

"அண்ணா, முதுகுல ஒரு கோடு தெரியணும். அதுதான் குடல். தின்னிருந்தா கறுப்பா முழுசா ஓடும். இதுல பாருங்க, ஒண்ணும் இல்ல. தட்டு காலியாத்தான் வருது, தீவனம் தண்ணியில கரைஞ்சு போறதால. இதுங்க சரியா சாப்பிடவே இல்ல."

மைக்கேல்ராஜ் ஆதிகேசவனைப் பார்த்தார். ஆதிகேசவன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"குடல் சுத்தமாயிடுச்சு" என்றார். "கெட்டதெல்லாம் வெளிய போயிடுச்சு. கஷாயம் வேலை செய்யுது."

ஜோசஃபின் அந்த இறாலைக் கீழே போட்டுவிட்டு வலைத்தட்டைக் காட்டினார். அதில் கால்கள் கிடந்தன. பாதி வால் ஒன்று கிடந்தது. "ஒண்ணை ஒண்ணு தின்னுது சார். நேத்து சட்டை உரிச்சதுல பாதி இல்ல."

"நல்ல பசி எடுத்திருக்கு. பசிதான்மா ஆரோக்கியத்தோட மொத அடையாளம்."

"அண்ணா" என்றார் ஜோசஃபின். குரல் தாழ்ந்துவிட்டது. "நான் அவரைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன். குத்தகை உங்க பேர்ல. நிறுத்தவா, வேணாமா?"

அண்ணனுக்குத் தங்கையின் முகம் தெரிகிறது. அதன் பின்னால் தண்ணீர் தெரிகிறது. தட்டில் காலும் வாலும் தெரிகின்றன. இந்தப் பக்கம் ஆதிகேசவன், "நடுவுல விட்டா மொத்தமா போயிடும், சொல்லிட்டேன்" என்று தலையை ஆட்டுகிறார். தண்ணீரில் நிற்பவளா, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரா? படித்த மனிதர், மைக்கேல்ராஜ். வைட்ஃபீல்டில் இருபது வருடம் இயந்திரங்களைச் சோதனை செய்து பார்த்தவர்.

"இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்மா" என்றார்.

"சரிண்ணா" என்று ஜோசஃபின் போனை வைத்தார்.

அதன்பிறகு படங்கள் தவறாமல் வந்தன. தட்டில் ஒரு நாள் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "வயிறு நிறைஞ்சு ஒதுங்கிடுச்சு" என்றார் ஆதிகேசவன். ஒரு நாள் சுத்தமாகக் காலி. "பிடிச்சுப்போச்சு அதுக்கு" என்றார். ஒரு நாள் படம் கலங்கலாக வந்தது. அதிலும் தெளிவாகப் பார்த்தார். பெஞ்சுக்கு வரும் புதியவர்களிடம் மண்டலத்தின் எத்தனையாவது நாள் என்று தினமும் அறிவித்தார். நாள் இருபது. நாள் இருபத்தொன்பது. தண்ணீரையே பார்க்காத அந்த மனிதர், மீனவர் போலக் காற்றைப் பற்றிக்கூடப் பேச ஆரம்பித்தார்.

நாற்பதாவது நாள் பிடித்தார்கள். மைக்கேல்ராஜ் நேரில் போயிருந்தார். அங்கிருந்து வீடியோவில் எங்களைக் கூப்பிட்டார். வடக்குக் குட்டை வலை தூக்க முடியாமல் வந்தது. தெற்கில் பாதிகூட இல்லை, இருந்ததும் பொடிசு.

நோய் இரண்டிலும் வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். வாய்க்காலுக்கு அப்பால் நின்றுவிட்டது. கீழாநெல்லியாலா, கரையைச் சுற்றி ஜோசஃபின் நண்டு புகாமல் கட்டிய வலையாலா, வாய்க்கால் தண்ணீரைச் சேர்க்காமல் விட்டதாலா? கேட்டேன். "தெரியல சார். அடுத்த போகம் ஒரு குட்டையில பொடியை நிறுத்திப் பார்க்கணும்" என்றார் ஜோசஃபின். தொழில் தெரிந்தவர் பேச்சு அப்படித்தான் இருக்கும். கேட்க உற்சாகமாகவே இருக்காது.

ஆக, தெற்குக் குட்டையை நோய் தின்னவில்லை. மருந்து தின்றது.

வடக்கு காப்பாற்றியதால் நிலத்துக்காரர் இன்னும் ஒரு போகத்துக்குச் சம்மதித்தார். ஜோசஃபின் அதைச் சொல்லிவிட்டு, போனை அண்ணனிடம் இருந்து வாங்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"ஆதிகேசவன் சார் இருக்காரா? சார், ஒண்ணு சொல்லணும். அந்த ஆறாம் நாள் மத்தியானமே நான் நிறுத்திட்டேன். அதுக்குள்ள ஆன சேதத்துலேர்ந்து தெற்கு மீளவே இல்ல. அப்புறம் நீங்க பார்த்த தட்டெல்லாம் வடக்குக் குட்டைத் தட்டு."

பின்னால் மைக்கேல்ராஜ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பவில்லை.

நான் ஆதிகேசவனைப் பார்த்தேன். வயதான மனிதர், மனம் ஒடிந்துவிடுவாரோ என்று ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். இந்த இனத்தை இத்தனை காலம் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

"அதான் பார்த்தேன்" என்றார் அவர், மெதுவாக, நிறைவாக. "பத்தியம் முறிஞ்சிருக்கு. ஆறு நாள்ல நிறுத்தினா தெற்கு எப்படி நிக்கும்? வடக்கு நின்னுச்சு, ஏன் நின்னுச்சு? கீழாநெல்லி. யார் சொன்னது?"

"நீங்க சொல்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலேர்ந்து போடுறேன் சார்."

"பாத்தீங்களா. நெஜம்னா எனக்கு முன்னாடியே யாராவது சொல்லத்தான் செய்வாங்க."

திரை அணைந்தது. ஆதிகேசவன் எழுந்து இன்னொரு சுற்று நடந்தார். இரண்டிலும்தான் நோய் வரவில்லையே, இப்போது அவர் கணக்கில் காப்பாற்றப்பட்ட குட்டைகள் இரண்டு. போன வாரம் தேனீ வளர்க்கும் ஒருவர் அந்தப் பக்கம் நடக்க வந்ததாகக் கேள்வி.

ஆதிகேசவனைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள் அல்லவா? நல்லது. இப்போது ஒரு சின்ன விசாரணை. தெற்குக் குட்டை இறால்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஜோசஃபின் சொன்ன இடத்துக்கு மனதால் திரும்பிப் போங்கள். அந்த வரியைப் படித்தபோது, உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில், 'ஓமம் போட்டுப் பார்த்திருக்கலாமே' என்றோ, 'இஞ்சிச்சாறு கொஞ்சம் விட்டிருந்தால்' என்றோ ஏதாவது அசைந்ததா? உண்மையைச் சொல்லுங்கள்.

அசைந்தது என்றால் வெட்கப்பட வேண்டாம். நேரே மல்லேஸ்வரம் பூங்காவுக்கு வாருங்கள். பெஞ்சில் ஆதிகேசவனுக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. மைக்கேல்ராஜ் இப்போதெல்லாம் வேறு பக்கமாக நடக்கிறார்.